நாளை கடத்தலாமா, நாளைக் கடத்தலாமா?

#1 | அரைப்புள்ளி

குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழு, ஆபீஸ் சுற்றறிக்கை, கோயில் கமிட்டி பிளெக்ஸ், கடைப் பலகை. இந்த நாலில் எதிலாவது தமிழ் எழுதுகிறவர்களுக்காக இந்த இழை.

கேள்வி இரண்டுதான். எழுதியவர் நினைக்காத சிரிப்பு எந்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறது, அதை எப்படி அடைப்பது? வேண்டுமென்றே சிரிக்க வைக்க நினைத்தால் எப்படிக் கட்டுவது?

சொந்தக் கதை வேண்டாம், வேலைக்கு ஆகிற விஷயம் மட்டும். காளமேகத்தை இழுத்து வருகிறவர்கள் கூடவே தாங்களும் ஒரு சிலேடை செய்து காட்ட வேண்டும். வாழ்த்துகளா வாழ்த்துக்களா சண்டைக்குக் களத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழைகள் இருக்கின்றன. தயவுசெய்து இங்கே வேண்டாம்.

#2 | புரூஃப்_பேனா

ஓட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் க, ச, த, ப-வில் தொடங்கும் மூட்டு. தலைப்பில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

"நாளை கடத்தலாம்" என்றால் இன்றைக்கு நேரமில்லை, கடத்தலை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். "நாளைக் கடத்தலாம்" என்றால் பொழுதைப் போக்கலாம். முதலாவதில் நாளை என்பது காலம், ஒற்று மிகாது. இரண்டாவதில் நாள் + ஐ, இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்துவிட்டது, ஒற்று மிகும். ஒரு க் போனால் ஓய்வூதியர் சங்கச் செய்தி போலீஸ் செய்தி ஆகிவிடும்.

ஐ-யில் முடிகிற பெயர்ச்சொல்லும், ல் அல்லது ள்-இல் முடிந்து ஐ ஏற்ற சொல்லும் ஒரே மாதிரி தெரியும்போதெல்லாம் இது நடக்கும். கையோடு வைத்துக்கொள்ள ஒரு வரிசை:

வேலை தேடினான் (உத்தியோகம்), வேலைத் தேடினான் (முருகனின் ஆயுதம்).
ஆலை கட்டினார் (மில்), ஆலைக் கட்டினார் (ஆலமரத்தைச் சுற்றிக் கயிறு).
காலை பிடிக்கலாம், காலைப் பிடிக்கலாம். இது ஆபீஸில் ரொம்ப ஆபத்து. "மேனேஜரைக் காலை பிடித்தால் கையெழுத்து ஆகிவிடும்" என்பது நேர ஆலோசனை. நடுவில் ஒரு ப் சேர்ந்தால் அது வேறு வகை ஆலோசனை.

வினையெச்சத்திலும் உண்டு. "கத்தி கொண்டு வந்தார்" என்றால் கையில் ஆயுதம். "கத்திக்கொண்டு வந்தார்" என்றால் வாயில் மட்டும்தான்.

#3 | மிக்சர்_தட்டு

பேப்பர்லயே பாதி ஒற்று போடறதில்லை. "நகை கடை"ன்னு எழுதினா யாருக்குப் புரியாம போச்சு? இலக்கணப் போலீஸ் வேலைதானே இது?

#4 | புரூஃப்_பேனா

நகை கடையில் சேதாரம் இல்லை (சேதாரம் கடைக்குள்ளே போட்டுக்கொள்வார்கள்). ஒத்துக்கொள்கிறேன். ஒற்று விட்டாலும் வேறு அர்த்தம் பிறக்க வழி இல்லாத இடத்தில் நானும் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. வேறு அர்த்தம் பிறக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள் என்கிறேன்.

போடாமல் விடுவதைவிட, தேவையில்லாத இடத்தில் போடுவது மோசம். "செயலாளர் தந்த பெட்டி" என்பது அன்பளிப்பு. "செயலாளர் தந்தப் பெட்டி" என்று அடித்தால் பெட்டி யானைத் தந்தத்தில் ஆனது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் ஒரு ப்-புக்காகச் செயலாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தந்த, வந்த, சொன்ன மாதிரிப் பெயரெச்சத்துக்குப் பின்னால் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகையிலும் மிகாது. ஆனால் அந்த, இந்த, எந்த வந்தால் மிகும். அந்தப் பெட்டி, தந்த பெட்டி. இந்த ஒரு ஜோடியை மனப்பாடம் செய்தாலே பாதிப் பிழை போய்விடும்.

கைமாறு, கைம்மாறு கதையும் அப்படித்தான். பத்திரம் கைமாறும். உதவிக்குச் செய்வது கைம்மாறு. "தாங்கள் செய்த உதவிக்கு விரைவில் கைமாறு செய்வோம்" என்று நன்றிக் கடிதம் வந்தால், எதை யார் பெயருக்கு மாற்றப் போகிறார்கள் என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சோதனை சுலபம்: வாய்விட்டுப் படியுங்கள். சொல் நடுவில் தனியாக வரும் க நம் வாயில் மெலிந்துவிடும். க்க என்றால் அழுந்தும். மூட்டில் அழுத்தம் கேட்டால் ஒற்று போடுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். நூற்றுக்கு நூறு சரியாக வராது. ஆனால் அவசரத்துக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

#5 | தமிழ்99_விரல்

சின்ன இடைச்செருகல். தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். "பககம்" என்று அடித்தால் "பக்கம்". அதனால் சொல்லுக்குள்ளே இரட்டிக்கிற ஒற்று இலவசம். சொல்லின் கடைசியில் வருகிற ஒற்றுக்குப் புள்ளி விசையைத் தனியாகத் தட்டணும். ஒரு தட்டு மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பாதிப் பேர் நாளை கடத்துகிறார்கள் என்பது என் ஊகம்.

#6 | பலகைக்காரன்

பிளெக்ஸ் பக்கம் வாங்க. இங்க பிரச்சினை ஒற்றே இல்ல, வரி உடைப்புதான்.

தமிழ்ச் சொல் நீளம். பத்துக்கு நாலு பிளெக்ஸ்ல பெரிய எழுத்துப் போட்டா ஒரு சொல் ஒரு வரியில அடங்காது. உடனே டிசைனர் கையால வெட்டுவார். "ஆபத்து" என்பதை முதல் வரியில "ஆ", அடுத்த வரியில "பத்து"ன்னு வெட்டினா, அங்க மின்சாரம் இல்ல, பத்துப் பசு நிக்குது. எழுத்தைச் சின்னதாக்குங்க, சொல்லை வெட்டாதீங்க. வெட்டியே ஆகணும்னா துண்டு ஒவ்வொண்ணையும் தனியாப் படிச்சுப் பார்த்துட்டு வெட்டுங்க.

இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. தமிழ்ல வினை கடைசியில வரும், "இல்லை", "கூடாது", "வேண்டாம்" அதுக்கும் கடைசியில வரும். "இங்கு வண்டிகளை நிறுத்தக் / கூடாது"ன்னு ரெண்டு வரியா எழுதி கேட்ல கீழே மாட்டினா, முதல்ல வர்ற பைக்கோட ஹேண்டில்பார் ரெண்டாவது வரியை மறைச்சிடும். மிச்சம் இருக்கறது "இங்கு வண்டிகளை நிறுத்தக்". அடுத்து வர்றவர் அதை அழைப்பிதழாத்தான் எடுத்துக்குவார். பலகை தன்னைத்தானே மாத்திக்கிச்சு, அவர் மேல தப்பே இல்ல. "நோட்டீஸ் ஒட்டாதீர்" சுவருக்கும் இதே கதிதான். முதல் நோட்டீஸ் "தீர்" மேல ஒட்டப்படும், மிச்சம் "நோட்டீஸ் ஒட்டா". அப்புறம் அது பசைக்குத்தான் திட்டு.

வழி: மறுப்பை முதல் வரிக்கு ஏத்துங்க. "நிறுத்தாதீர், இது வாசல்". மறுப்பு ஒரே சொல்லுக்குள்ள இருக்கணும், தனிச் சொல்லா வால்ல தொங்கக் கூடாது. பலகையோட கீழ் விளிம்பு பைக் கண்ணாடி உயரத்துக்கு மேல இருக்கணும். ஒரு சிவப்பு வட்டமும் போட்டுடுங்க, தமிழ் தெரியாதவருக்கும் ஆகும், தெரிஞ்சும் தெரியாத மாதிரிப் போறவருக்கும் ஆகும்.

இன்னொண்ணு. வாட்ஸ்அப்ல வர்ற யூனிகோடு எழுத்தைப் பழைய மென்பொருள்ல ஒட்டினா "கொ", "கே" எல்லாத்துலயும் கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். போட்டோஷாப்ல டைப் அமைப்புக்குள்ள போயி தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாத்தினா சரியாகும். மாத்தாம அச்சுக்குப் போனா, கும்பாபிஷேகத்துக்கு வர்ற தலைவருக்குக் கொம்பு தப்பான இடத்துல முளைச்சிருக்கும்.

#7 | மிக்சர்_தட்டு

காற்புள்ளி பத்தி யாரும் பேசலையே. "அண்ணா நகர்" ஏரியா. "அண்ணா, நகர்" பஸ் படிக்கட்டு.

#8 | அரைப்புள்ளி

அது கிழவன் ஜோக், ஆனால் பாடம் சரி. விளித்துப் பேசும்போது பெயருக்குப் பின்னால் காற்புள்ளி கட்டாயம். "இல்லை வருகிறேன்", "இல்லை, வருகிறேன்" இரண்டையும் குழுவில் எழுதிப் பாருங்கள். புள்ளி இல்லாததற்கு இலை போடுவதா வேண்டாமா என்று சமையல்காரர் விழிப்பார்.

#9 | எழுபது_எழுத்து

கமிட்டிக்காரங்க மொத்தமாக் குறுஞ்செய்தி அனுப்புவீங்கள்ல, அவங்களுக்கு ஒரு கணக்கு.

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. உள்ளே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தச் செய்தியும் வேறு குறியீட்டுக்கு மாறி 70-க்கு இறங்கிவிடும். அதைத் தாண்டித் துண்டானால் துண்டுக்கு 67, மிச்சம் மூன்று ஒட்டுப்போடும் தலைப்புக்குப் போய்விடும். காசு துண்டுக்கு.

அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. "க" ஒன்று. "கு", "கொ", "க்" ஒவ்வொன்றும் இரண்டு. "க்ஷ" மூன்று. "ஸ்ரீ" நான்கு. "அன்புடையீர்" கண்ணுக்கு ஆறு எழுத்து, கம்பெனிக்குப் பதினொன்று. "உங்கள் வருகையை எதிர்பார்க்கிறோம்" இடைவெளியோடு 32. அதாவது இன்னும் எங்கே, எப்போது, எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை, பாதிச் செய்தி மரியாதையில் போய்விட்டது. பொம்மை முகம் ஒன்றுக்கு இரண்டு.

அதனால் வரிசையை மாற்றுங்கள்: நாள், நேரம், இடம், விஷயம், கடைசியில் மரியாதை. துண்டு தாண்டினால் வெட்டுப்படுவது மரியாதையாக இருக்கட்டும். "வருக" மூன்று எழுத்து, நான்கு அலகு. சிக்கனமும் ஆச்சு, கம்பீரமும் ஆச்சு.

#10 | புரூஃப்_பேனா

"வாருங்கள்" என்று எழுதவேண்டியதை "வருக" ஆக்கினதால் மாமனாருக்குக் கோபம் வந்தால் அலகுக் கணக்கைக் காட்டலாமா?

#11 | எழுபது_எழுத்து

மாமனாருக்குப் போன் செய்யணும். அதுக்கு அலகு இல்லை, நேரம்தான்.

#12 | சின்ன_எச்

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிற கோஷ்டியை விட்டுவிட்டீர்கள். கே, ஏ, எல், ஏ, ஐ. இந்த ஐந்தையும் அனுப்பினால் கலை, களை, காலை, காளை நாலு பேரும் ஒரே வாசலில் நிற்பார்கள். "சாயங்காலம் வரும்போது கலையைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பியது, மறுமுனையில் காளை மாடாகப் போய்ச் சேரும்.

வி, ஏ, எல், ஐ அதைவிடக் கொடுமை. வழி, வலி, வளி, வாளி. கல்யாண மண்டபம் தேடுகிறவர் "வழி தெரியல" என்று அடிக்கிறார். வலி தெரியவில்லை என்று படித்த மாப்பிள்ளை வீட்டார் "ரொம்ப சந்தோஷம்" என்று பதில் போடுகிறார்கள்.

ஒழுங்கு வேண்டும் என்றால்: நெடிலுக்கு ஏ-வை இரட்டியுங்கள். ழ-வுக்கு இசட், எச். ள-வுக்குப் பெரிய எல் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் வரியின் முதல் எழுத்தை போன் தானாகவே பெரிதாக்கும், அதனால் அதை நம்ப முடியாது. சுருக்கமாக, ல ள ழ மூன்றும் வருகிற செய்தியைத் தமிழ் எழுத்திலேயே அடிப்பதுதான் குறுக்கு வழி. குறுக்கு வலி இல்லை.

#13 | யாழ்_பகிடி

எழுத்தெல்லாம் சரியா இருந்தும் விளங்காத கேஸ் ஒண்டு இருக்கு. நாங்கள் யாழ்ப்பாணத்தில "ஆறுதலா வாங்கோ" எண்டு சொன்னால் அவசரப்படாமல் வாங்கோ எண்டு அர்த்தம். சென்னைக்காரருக்கு அதை அனுப்பினால் யார் தவறினது எண்டு கேப்பினம். "வடிவாக் கேளுங்கோ" எண்டால் கவனமாக் கேளுங்கோ. அழகாக் கேக்கிறதெண்டால் எப்பிடி எண்டு அங்க முழிப்பினம்.

"விளங்கிச்சோ?" எண்டு கேட்டால் புரிஞ்சுதா எண்டு கேள்வி. உங்கட பக்கம் "விளங்கினாப்புலதான்" எண்டால் உருப்படாது எண்டு சாபம். எங்கட வாத்தியார் பாடம் முடிய அன்பாக் கேக்கிறதை உங்கட பிள்ளையள் சாபமா எடுக்கும்.

"கதைக்கிறது"ம் அப்பிடித்தான். நாங்கள் கதைக்கிறம், நீங்கள் பேசுறியள். எங்களுக்குப் பேசுறது எண்டால் ஏசுறது, "அம்மா பேசிப்போட்டா" எண்டால் திட்டு விழுந்தது. உங்களுக்குக் கதை விடுறது எண்டால் பொய். ஆக, "உங்களோட கொஞ்சம் பேசோணும்" எண்டு சென்னை அண்ணா அனுப்பினால் இஞ்ச ஆள் பயந்துபோய் இருப்பார். "கதைக்கலாமோ" எண்டு நாங்கள் அனுப்பினால் அங்க ஆள், என்ன புளுகப் போறான் எண்டு இருப்பார்.

செய்யக்கூடியது இதுதான்: இரண்டு கரைக்கும் போற செய்தியில வினையை மட்டும் பொதுச்சொல்லில வையுங்கோ. "மெதுவாக வரலாம்", "கவனமாகக் கேளுங்கள்". மிச்சத்தை உங்கட ஊர்த் தமிழிலயே விடுங்கோ, அதில்லாட்டி பகிடி இல்லை.

#14 | சிலேடைத்_தச்சன்

இப்போது இரண்டாவது கேள்வி, வேண்டுமென்றே செய்வது.

தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லை உடைக்காமல் இரண்டு பொருள் தந்தால் செம்மொழி, உடைத்தால்தான் இரண்டாவது பொருள் வரும் என்றால் பிரிமொழி. மேலே நீங்கள் எல்லோரும் விபத்து என்று புலம்பியது பெரும்பாலும் பிரிமொழிதான். பலகையில் விபத்து, பேச்சில் சரக்கு. காரணம் எளிது: வாயில் இடைவெளி கிடையாது, காகிதத்தில் உண்டு. "பலகாரம்" என்று வாயால் சொன்னால் இரண்டு அர்த்தமும் உயிரோடு இருக்கும். எழுதும்போது "பல காரம்" என்று பிரித்த நிமிஷம் ஒன்று செத்துவிடும். ஆகவே பிரிமொழியை மேடைக்கும் மேசைக்கும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் செம்மொழிதான் பிழைக்கும்.

செம்மொழி ஒன்றைச் செய்து பார்ப்போம். முதலில் இரண்டு உலகம் வேண்டும், கணக்கர் ஆபீஸ், சமையலறை என்று வையுங்கள். இரண்டிலும் வாழ்கிற சொல் எது? கூட்டு. பெருக்கல், வகுத்தல் எல்லாம் சமையலறைக்குள் வராது. அடுத்து வினை. இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். "கூட்டு ருசிக்கும்" என்றால் கணக்கு வெளியே போய்விடும். "கூட்டு சரிபார்ப்பார்" என்றால் சமையல் வெளியே போய்விடும். இரண்டுக்கும் பொருந்துகிற வினை "தவறாது". தினமும் தவறாமல் இருக்கும், பிழையாகவும் போகாது.

கணக்கர் வீட்டில் கூட்டு தவறாது.

வேற்றுமையையும் பாருங்கள். "கூட்டு" இரண்டு பொருளிலும் எழுவாயாக நிற்கிறது, அதனால் ஒற்றுப் பிரச்சினை இல்லை. "கூட்டை" என்று ஐ போட்டிருந்தால் பறவைக் கூடும் உள்ளே வந்துவிடும், மூன்றாவது அர்த்தம், அது கூட்டம். முதல் தடவை படிக்கும்போது வாக்கியம் சாதாரணமாக இருக்க வேண்டும். இரட்டைச் சொல்லை முடிந்த மட்டும் கடைசிக்குப் பக்கத்தில் வையுங்கள். முக்கியமாக, மேற்கோள் குறி போடாதீர்கள், கண்ணடிக்கும் பொம்மை போடாதீர்கள். சிலேடைக்குக் குறி போட்டுக் காட்டுவது, பொடி மசாலாவை இலையில் தனியாகக் கொட்டி "இதுதான் உள்ளே இருக்கு" என்பது மாதிரி.

பயிற்சிக்கு நல்ல சொல் "படி". ஏறுவது, வாசிப்பது, அளப்பது, நகல், சம்பளத்தோடு வருவது என்று எல்லாம் உண்டு. "மூன்று மாடி ஏறிக் கேட்டாலும் ஏறாதது அகவிலைப்படி." ஆறு, மாலை, திங்கள், நூல் எல்லாம் தேய்ந்த கத்தி, பட்டிமன்றத்தில் விட்டுவிடுங்கள்.

(காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒன்றாக்க "நஞ்சு" என்ற ஒரே சொல்லை விஷத்துக்கும் நைந்து கனிந்ததற்கும் ஓட்டினது இந்த வேலைதான். விதி எண் இரண்டின்படி எனக்கு இரண்டு சிலேடை இருப்பு இருக்கிறது.)

#15 | இலக்கண_ஈட்டி

எல்லாம் சரி, தலைப்பிலிருந்து தேடுகிறேன், யாருமே சொல்லவில்லை. "வாழ்த்துக்கள்" என்று எழுதுவது வாழ்த்து + கள், அதாவது வாழ்த்திக் கொடுக்கும் கள். இது தெரியாமல்...

#16 | அரைப்புள்ளி

முதல் பதிவைப் படிக்கவும்.

#17 | சிலேடைத்_தச்சன்

ஈட்டி ஐயா, கள்ளுக்குப் பயந்தால் முழுசாகப் பயப்படுங்கள். பழமை + கஞ்சி பழங்கஞ்சி, பழமை + கதை பழங்கதை. அப்படியானால் பழமை + கள் என்ன? பழங்கள். இனிமேல் நீங்கள் தட்டில் பழங்கள் வைத்துக் கும்பிடவும் கூடாது, மருத்துவமனைக்கு வாங்கிப் போகவும் கூடாது. பழைய கள் அது, புளித்திருக்கும்.

எந்தத் தமிழனும் பழக்கடையில் குழம்பியதில்லை. சூழல் ஒன்று இருக்கிறது. சூழல் காப்பாற்றாத இடத்தில், "நாளை கடத்தலாம்" மாதிரி, அங்கே ஈட்டியை எறியுங்கள்.

#18 | மிக்சர்_தட்டு

எழுத்து முடிஞ்சுது. போன் பேச்சை முடிக்கிறதுக்கு யாராவது வழி சொல்லுங்க. "வெச்சிடறேன்"னு சொன்ன பிறகுதான் பேச்சே ஆரம்பிக்குது.

#19 | பலகைக்காரன்

அதுக்கு "அப்புறம்" கணக்கு தெரியணும். பேச்சு நடுவுல வர்ற "அப்புறம்" புது விஷயத்துக்குக் கதவு. ஒரு விஷயம் முடிஞ்சு ரெண்டு செகண்ட் மௌனத்துக்குப் பிறகு, இழுத்து வர்ற "அப்புறம்..." என்கிட்ட சரக்கு தீர்ந்துச்சு, உன்கிட்ட இருக்கான்னு கேக்கறது. அதுக்கு மறுமுனையும் "அப்புறம்..."னு சொன்னா ரெண்டு கடையும் காலி. "சரி அப்புறம்"னு சரி முன்னால வந்தா அது முடிவுரை.

முடிவுரை வந்ததும் மூணு செகண்டுக்குள்ள "சரி, வெச்சிடட்டுமா"ன்னு நீங்களே கேட்டுடணும். "வெச்சிடறேன்" இல்ல, "வெச்சிடட்டுமா". அறிவிச்சா மறுமுனைக்கு மனசு கஷ்டம், உடனே "ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்"னு ஆரம்பிக்கும். அனுமதி கேட்டா அவங்களே கொடுத்து அனுப்பிடுவாங்க. "சாப்பிட்டாச்சா"ன்னு மட்டும் அந்த இடத்துல கேட்டுடாதீங்க. அதுக்கு ஆச்சுன்னு பதில் வராது, என்ன குழம்பு, எதுல உப்பு கம்மின்னு வரும்.

எழுத்துல இதோட நிழல் "பார்க்கலாம்". முழு வாக்கியத்தோட வந்தா, "சனிக்கிழமை பார்க்கலாம்", அது ஒத்துக்கிட்டது. தனியா "பார்க்கலாம்" வந்தா வரமாட்டாரு. "பார்க்கலாம்" பின்னால மூணு புள்ளி இருந்தா சமையலுக்கு ஒரு ஆளைக் குறைச்சுடலாம்.

#20 | யாழ்_பகிடி

இஞ்ச அதுக்கு "பாப்பம்" எண்டு சொல்லுவம். அது வந்தாலும் ஒரு ஆளைக் குறையுங்கோ.

#21 | மிக்சர்_தட்டு

சரி...

#22 | புரூஃப்_பேனா

அப்புறம்?